பாஸ்தாவுக்குப் பணயம் வைத்த மீசை

தண்ணீரை வடித்துவிட்டேன். தப்பு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

பேப்பரை அப்புறம் படியுங்கள், தம்பி. அதில் ஒன்றும் இல்லை, நான் பார்த்துவிட்டேன். என் மீசையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அதனால் சொல்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். லோகு முடி வெட்டிக்கொண்டிருக்கிற ஆள் நாற்காலியிலிருந்து எழுந்தால் அடுத்தது நான். இறங்கும்போது இது இருக்காது. எடுக்கத்தான் வந்திருக்கிறேன்.

முப்பத்தெட்டு வருஷ மீசை. எதனால் போகிறது தெரியுமா? பாஸ்தாவால்.

சிரிக்காதீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டி முழக்குவது எனக்குப் பிடிக்காது.

பெயர் தணிகாசலம். அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். பின்சீட்டில் ஒருவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால் போதும், அவனிடம் டிக்கெட் இல்லை என்று படியில் ஏறும்போதே சொல்லிவிடுவேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு இங்கேதான், சத்துவாச்சாரி. நான், என் சம்சாரம் வேதவல்லி, மருமகள் தாரிணி, பேத்தி மிதுனா. மகனுக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். போன மாதத்திலிருந்து சம்பந்தியும் எங்களோடு இருக்கிறார். தாரிணியின் அப்பா. கண்புரை ஆபரேஷன். நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். மடியில் ரேடியோ. அடுப்புப் பக்கமே போகக் கூடாது, ஆவி படக் கூடாது, புகை படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவருக்கு அதுதான் பெரிய தண்டனை. சம்பந்தியம்மா போய் ஆறு வருஷம். அன்றிலிருந்து தனக்குத் தானே சமைக்கிற ஆள். "ஆம்பிளைக்கு எதுக்கு சம்பந்தி கரண்டி?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். சிரிப்பார். அவருக்கு மீசை கிடையாது. சிரித்தால் முழுச் சிரிப்பும் தெரியும். அது வேறு எரிச்சல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு தாரிணியின் பொறுப்பு. ஒரு லேபில் வேலை அவளுக்கு. மிதுனாவை நாட்டிய கிளாஸிலிருந்து கூட்டிக்கொண்டு ஏழரைக்கு மேல் வருவாள். எட்டுக்குத் தட்டில் பாஸ்தா. ஒரே ஒரு அகலச் சட்டி. அதிலேயே காய், அதிலேயே பாஸ்தா, அதிலேயே பால், க்ரீம், சீஸ் எல்லாம். மிதுனா வேறு எதில் போட்டாலும் காய் தின்னமாட்டாள். சாம்பாரில் இருக்கிற கேரட்டைப் பொறுக்கித் தட்டோரமாக வரிசை கட்டி வைப்பாள். இதில் போட்டால் சத்தமில்லாமல் உள்ளே போகும்.

போன வாரம் புதன்கிழமை எட்டு பத்து ஆகிவிட்டது. பத்து நிமிஷம் லேட். எனக்கு சுகர். பசி பொறுக்காது. சொல்லிவிட்டேன்.

"எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டி மூடறதுக்கு இவ்வளவு நேரமா? இது ஒரு சமையலா? நான் கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன்."

தாரிணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அதோடு போயிருக்கும். கரண்டியைத் துடைத்து வைத்தாள். "அப்ப வர்ற புதன்கிழமை நீங்களே செய்யுங்க மாமா. கண்ணைத் திறந்துக்கிட்டே செய்யலாம்" என்றாள்.

வேதவல்லி உள்ளேயிருந்து சிரித்தாள். நாற்பத்து மூன்று வருஷமாக அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

"செய்யறேன். எட்டு மணிக்குத் தட்டுல இருக்கும். மிதுனா தட்டு காலியாகும். யாரும் கூட வந்து கை வைக்கக் கூடாது. வேற யார் கை பட்டாலும் நான் தோத்ததா அர்த்தம். தோத்தா மீசையை எடுத்துடறேன்!"

கை வைக்கக் கூடாது என்று சொன்னது நான். யாரும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன்.

"மீசை எல்லாம் எதுக்கு சம்பந்தி? ஒரு காப்பியோட நிறுத்திக்கலாமே" என்றார் கறுப்புக் கண்ணாடி.

"இல்லாதவங்களுக்கு அதோட அருமை தெரியாது" என்றேன்.

அதற்கும் சிரித்தார்.

புதன்கிழமை வந்தது. வேதவல்லி காலையிலேயே கிளம்பிவிட்டாள். "நான் வீட்டுல இருந்தா நான்தான் செஞ்சேன்னு சொல்லிடுவாங்க. காட்பாடிக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். எட்டு மணிக்கு வந்து தட்டு முன்னால உக்காருவேன். மத்தியானத்துக்கு அவசரத்துல குக்கர்ல சாதம் வச்சுட்டேன். அதனால வடிகஞ்சி இல்ல. நாளைக்கு உங்க வேட்டிக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

இதைக் கவனித்தீர்களா? கஞ்சி. என் வேட்டிகள் எல்லாம் சோற்றுக்கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்க வேண்டும். கடையில் விற்கிற பவுடர் கஞ்சி எனக்கு ஆகாது. சுகருக்காக எனக்கு வடித்த சாதம், வேட்டிக்காக அந்த வடிகஞ்சி. எங்கள் வீட்டில் ஒரு சொட்டுக் கஞ்சி வீணாகாது. இப்போது நான் கட்டியிருக்கிற வேட்டியைப் பார்க்காதீர்கள். துவண்டு கிடக்கிறது. காரணம் வருகிறது.

தாரிணி ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். வெண்ணெயில் பூண்டு, வெங்காயம். பிறகு கேரட், பீன்ஸ், குடைமிளகாய், பட்டாணி. பிறகு பாஸ்தாவைப் பச்சையாகவே போடவும். மூன்று டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளர் பால், உப்பு. மூடி வைத்து நடுநடுவே கிளறவும். கடைசியில் க்ரீம், சீஸ், மிளகுத்தூள். அவ்வளவுதான்.

ஐந்து மணிக்கு ஆரம்பித்தேன். பீன்ஸ் எல்லாம் ஒரே அளவு. கேரட் எல்லாம் ஒரே அளவு. பூண்டு உரிப்பதற்கு மட்டும் இருபது நிமிஷம் ஆயிற்று. அதை ஏன் யாரும் தாளில் எழுதுவதில்லை?

பாஸ்தா என்றால் குழல் குழலாக, பேனா மூடி மாதிரி இருக்குமே, அது. போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். பால் ஊற்றினேன். கொதித்தது. எடுத்து நசுக்கிப் பார்த்தேன், வெந்திருந்தது. ஆனால் சட்டியில் இன்னும் தண்ணீர் நின்றது. வெள்ளையாக, கொழகொழவென்று. சாட்சாத் கஞ்சி.

தாளைப் பார்த்தேன். வடிக்கச் சொல்லி எழுதவே இல்லை.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வேண்டுமென்றே விட்டிருக்கிறாள்! கிழவன் வடிக்காமல் விடுவான், கூழாகப் போகும், மீசை போகும். எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா இந்த வேலை?

சட்டியை இறக்கினேன். தட்டை வைத்து மூடி, துணியால் பிடித்து, சோறு வடிக்கிற மாதிரியே குண்டானுக்கு மேலே சாய்த்தேன். ஒரு சொட்டு விடாமல் வடித்தேன். கொஞ்சம் பட்டாணி கூடவே ஓடியது, போகட்டும் என்று விட்டேன். குண்டான் நிறையக் கஞ்சி. நாளைக்கு வேட்டிக்கும் ஆயிற்று. ஒரே கல்யாணத்தில் இரண்டு பந்தி என்று நினைத்துக்கொண்டேன். கூடத்தைப் பார்த்து, "சம்பந்தி, வடிச்சாச்சு!" என்று குரல் வேறு கொடுத்தேன்.

"அப்படியா?" என்றார். ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கை வைக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேனே. வாய் வைப்பதும் அதில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்.

சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினேன். க்ரீம் போட்டேன். சீஸ் போட்டேன். தீயைக் கூட்டினேன்.

தம்பி, நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் இல்லை. கரண்டியை நட்டேன், நின்றது. கரண்டியைத் தூக்கினேன், சட்டியும் கூடவே எழுந்தது. வாயில் போட்டுப் பார்த்தேன். சைக்கிள் டியூப். அதிலும் உப்பில்லாத டியூப். உப்பெல்லாம் கஞ்சியோடு குண்டானுக்குப் போயிருக்கிறது.

மணி ஆறே முக்கால்.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது. அடுப்பை அணைத்தேன். சட்டியை மூடினேன். துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க சம்பந்தி?"

"கொத்தமல்லி வாங்க."

"பாஸ்தாவுக்கா?"

"அலங்காரத்துக்கு!"

ரவுண்டானா பக்கம் ஒரு பேக்கரி இருக்கிறது. காலேஜ் பிள்ளைகள் கூடுகிற இடம். வெள்ளை சாஸ் பாஸ்தா அங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று பார்சல் சொன்னேன். அரைமணி நேரம் நிற்கவைத்தான். நான், தணிகாசலம், டிக்கெட் இல்லாதவன் மாதிரி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். தெரிந்தவன் எவனும் பார்த்துவிடக் கூடாதே.

திரும்பி வரும்போது ஏழு இருபத்தைந்து. சம்பந்தி அதே நாற்காலி, அதே கண்ணாடி, அதே ரேடியோ.

"கொத்தமல்லி கிடைச்சுதா?"

"கடையில இல்ல."

"பை கனமா இருக்கு?"

"உருளைக்கிழங்கு" என்றேன். கண் தெரியாத மனுஷனுக்குப் பை கனம் எப்படித் தெரிந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவசரம்.

பழைய கட்டியைக் குப்பையில் தட்டிவிட்டுப் பார்சலைச் சட்டியில் கொட்டுவதாகத் திட்டம். மூடியைத் திறந்தேன்.

ஆவி பறந்தது. உள்ளே வழவழவென்று, பளபளவென்று, ஒவ்வொரு குழலும் தனித்தனியாக, க்ரீம் எல்லாம் பூசினாற்போல. கரண்டியில் எடுத்தால் சாய்ந்து வழிகிறது. தாரிணி செய்கிற மாதிரியே. அதைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். வாயில் போட்டேன். உப்பு சரி. மிளகு சரி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூடி வைத்தேன் அல்லவா? தம். பிரியாணிக்குத் தம் போடுவதில்லையா? அந்த மாதிரி தானாகச் சேர்ந்துகொண்டுவிட்டது!

பையை எங்கே ஒளிப்பது? வாசலில் ஆட்டோ சத்தம். வாஷிங் மெஷினைத் திறந்து உள்ளே போட்டு மூடினேன்.

எட்டு மணிக்குத் தட்டு. வேதவல்லி வந்துவிட்டாள். முதலில் முகர்ந்தாள். பிறகு தின்றாள். பிறகு பேசாமல் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். தாரிணி, "மாமா, நிஜமா சூப்பர்" என்றாள். மிதுனா தட்டை வழித்து நக்கிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். "தாத்தா, இனிமே எல்லாப் புதன்கிழமையும் நீ!"

நான் மீசையை முறுக்கினேன். "தீயை அணைச்சுட்டு மூடி வச்சாப் போதும். தானா சேரும். ரகசியம் அதுதான்" என்று எல்லோருக்கும் விளக்கினேன். சம்பந்தி தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் கறுப்புக் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு பொட்டு. கண் மருந்து ஒழுகியிருக்கிறது, பாவம், சரியாக விட்டுக்கொள்ளத் தெரியவில்லை என்று நினைத்தேன். பார்த்தீர்களா, அதையும் கவனித்தேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

எல்லோரும் கை கழுவப் போனபோது வாஷிங் மெஷினைத் திறந்தேன். பை இல்லை. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். நாய் எப்படி வாஷிங் மெஷினைத் திறக்கும் என்று கேட்காதீர்கள். அப்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் காலை வேதவல்லி வேட்டி துவைக்க உட்கார்ந்தாள்.

"கஞ்சி வடிச்சு வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, எங்க? குண்டானைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கு."

"இருக்கும், பாரு. பாஸ்தா கஞ்சி. நான்தான் வடிச்சேன்."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தாரிணி நின்றுவிட்டாள். "வடிச்சீங்களா? மாமா, அந்தத் தண்ணியிலதான் எல்லாமே இருக்கு. வடிச்சா சேரவே சேராதே!"

"வடிச்சேன். சேர்ந்துச்சு. நீ சாப்பிட்டே" என்றேன். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அவள் என்னைப் பார்த்தாள். குண்டானைப் பார்த்தாள். அப்புறம் கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவைப் பார்த்தாள். வேதவல்லியும் பார்த்தாள். அவர் ரேடியோவைத் திருகினார். இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். தோற்றவர்கள் அப்படித்தான் போவார்கள் என்று விட்டுவிட்டேன்.

வேட்டி கஞ்சியில்லாமல் காய்ந்தது. இதோ, கட்டியிருக்கிறேனே.

இரண்டு நாள் தெரு முழுக்கச் சொன்னேன். பால் பூத்தில் சொன்னேன். இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாளை நிறுத்தி வைத்துச் சொன்னேன். அந்த அம்மாள் குறித்துக்கூடக் கொண்டாள். வடித்து, மூடி, தம். இன்றைக்கு அவர்கள் வீட்டில் அதுதான் செய்கிறார்களாம். நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

நேற்று சம்பந்தியைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சின்னப் பெண். டார்ச் அடித்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"கண்ணு சிவந்திருக்கே. அடுப்படிக்குப் போனீங்களா?"

"அஞ்சு நிமிஷம்" என்றார்.

"போகவே கூடாதுன்னு சொன்னேன்ல? அப்படி என்ன அவசரம்?"

சம்பந்தி கொஞ்சம் யோசித்தார். "ஒரு மீசை அடிப்பிடிச்சுக்கிட்டிருந்தது, டாக்டர்" என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். என் மீசையைப் பார்த்தாள். எனக்கு மட்டும் புரிந்தது. மூன்று நாள் கழித்து, அதுவும் ஆஸ்பத்திரியில் வைத்துப் புரிந்தது. கறுப்புக் கண்ணாடியை இன்னும் பத்து நாள் கழற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டேன். "என்ன பண்ணினீங்க?"

"என்ன பெரிசா? நீங்க வடிச்ச கஞ்சியைத் திரும்ப அதுலயே ஊத்தினேன். சின்னத் தீயில வச்சுக் கிண்டினேன். கட்டி எல்லாம் விட்டுக் கொடுத்துடுச்சு. அவ்வளவுதான். உங்க பட்டாணியும் வந்துடுச்சு."

"என் பை?"

"உருளைக்கிழங்கா? நீங்க ஊறுகாய் எடுக்கப் போனப்ப நம்ம தெரு வாட்ச்மேன்கிட்டக் கொடுத்துட்டேன். நல்லா இருந்துச்சாம். உப்புதான் கொஞ்சம் தூக்கலாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அந்தத் தம் கதையை நீங்க சொல்லச் சொல்லக் கேக்க நல்லா இருந்துச்சு சம்பந்தி."

கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டேன். "நான் தோத்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"மீசை போயிட்டா நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆயிடுவோம். மிதுனா குழம்பிடுவா" என்றார். சிரித்தார். முழுச் சிரிப்பு.

அதனால்தான் வந்திருக்கிறேன். வேறு கை பட்டால் தோல்வி. சொன்னது நான். பட்டிருக்கிறது. யாரும் கேட்கமாட்டார்கள், எனக்குத் தெரியும். ஆனால் டிக்கெட் இல்லாமல் வந்தவன், யாரும் பார்க்கவில்லை என்றாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். வீட்டில் கேட்டால் வெயிலுக்கு அரிக்கிறது என்று சொல்லிக்கொள்வேன்.

சம்பந்தியிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலேயே...

இதோ, என் முறை வந்துவிட்டது. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.

லோகு, எடு. முழுசா. ஆமாம், மீசையைத்தான். எத்தனை தடவை சொல்வது? கத்தியை எடு.

என்ன சிரிப்பு? எடுக்க முடியாதா? ஏன், கத்தி மழுங்கிவிட்டதா? யார் சொன்னது? எப்போது? கடை திறக்கும்போதேவா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டா?

தம்பி, கேட்டீர்களா இவன் சொல்வதை? காலை ஆறரை மணிக்கு வந்து இங்கே வாசலில் நின்றாராம். உள்ளே முடி பறக்கும், கண்ணுக்கு ஆகாது என்று வாசலிலிருந்தே சொன்னாராம். "சம்பந்தி வருவார். எடுக்கச் சொல்லுவார். ஓரத்தை மட்டும் கத்தரிச்சு அனுப்பு. அதுக்காக நான் டாக்டர்கிட்ட திட்டு வாங்கியாச்சு, அது வீணாகக் கூடாது" என்றாராம். போகிறபோது, "புதன்கிழமை திரும்பவும் அவர்தான் செய்யணும், வடிக்காமச் செய்யச் சொல்லு" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் எழுந்து பல் தேய்க்கும்போது மனுஷன் நாற்காலியில்தான் இருந்தார். ரேடியோதான் கேட்டுக்கொண்டிருந்தார். செருப்பில் மட்டும் மண் இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தேன், ஆனால்...

சரி, லோகு. ஓரத்தை மட்டும் கத்தரி. வேறென்ன செய்ய?

என்ன தம்பி? அவர் பெயரா? எட்டு வருஷமாக சம்பந்தி, சம்பந்தி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. இருங்கள். கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட நேற்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஏகாம்பரம்.